.32 என்றால் எந்த .32? தோட்டாவும் கைத்துப்பாக்கியும்: அடிக்கடி வரும் கேள்விகள்

ராணுவத்தில் ஆர்மரராக இருந்தேன். துப்பாக்கியைப் பிரித்து, துடைத்து, சரிபார்த்துத் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகும் அந்த வேலை விட்டபாடில்லை. காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கப் போனால் பேங்க் வாசலில் காவலுக்கு நிற்கும் பழைய சகா ஒருவர் நிறுத்துவார். செங்கோட்டைப் பக்கத்து எஸ்டேட்காரர் போன் போடுவார். ரைபிள் கிளப் பையன்கள் சந்தேகம் கேட்பார்கள். எல்லாரும் கேட்பது சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான்: இந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்குச் சேருமா? ஒரே பதிலை நூறு தடவை சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும், லைசென்ஸ் வைத்திருந்தவரின் வீட்டாருக்கும் எழுதியது இது.

குண்டு, தோட்டா, கேலிபர், போர். எது எது?

தோட்டா என்பது முழுச் சரக்கு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர் (அடிபட்டதும் பொறி கக்கும் சிறு மூடி), உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். கூடு நம்மிடமே தங்கிவிடும். குண்டின் குறுக்களவைச் சொல்வது கேலிபர். லைசென்ஸ் பேச்சில் போர் என்பார்கள். .32 என்றால் ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் நூற்றில் 32 பங்கு. ஆனால் அந்த எண் குண்டின் பருமனைத்தான் சொல்லும். கூடு எவ்வளவு நீளம், அடி விளிம்பு எவ்வளவு அகலம், வெடிக்கும்போது எவ்வளவு அழுத்தம் என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளில் இருக்கிறது. நம்மாட்கள் எண்ணை மட்டும் படித்துவிட்டு எழுத்தை விட்டுவிடுகிறார்கள். கீழே வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் அங்கேதான் தொடங்குகின்றன.

அண்ணாச்சி, என் ரிவால்வரும் .32, மச்சான் பிஸ்டலும் .32. அவரிடமிருந்து பத்துத் தோட்டா வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. சட்டப்படி முதலில் கூடாது: தோட்டாவை லைசென்ஸ் உள்ள டீலரிடம்தான் வாங்க வேண்டும், வாங்கியது லைசென்ஸில் பதிவாக வேண்டும். மச்சான் என்பதால் கைமாற்றாக வாங்க இது தேங்காய் இல்லை.

அதை விட முக்கியம், இரண்டும் வேறு வேறு தோட்டா. கான்பூரில் செய்யும் நம் நாட்டு .32 ரிவால்வருக்கு உரியது .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெசன்) லாங். பிஸ்டலுக்கு உரியது .32 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்). மெட்ரிக்கில் எழுதினால் முன்னது 7.65×23, பின்னது 7.65×17. பெருக்கல் குறிக்குப் பின்னால் வருவது கூட்டின் நீளம், மில்லிமீட்டரில். ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம்.

லாங் தோட்டாவை பிஸ்டல் மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், திணிக்கப் பார்த்தால் நீளம் இடித்து நின்றுவிடும். அதனால் அந்தப் பக்கம் ஆபத்து குறைவு. எதிர்ப்பக்கம்தான் வில்லங்கம். ஏசிபி தோட்டா ரிவால்வரின் சுழலும் சிலிண்டருக்குள் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், ஏனென்றால் இரண்டு கூட்டின் உடம்பும் ஏறக்குறைய ஒரே பருமன். ஆனால் அழுத்தம் ஒன்றல்ல. அமெரிக்க உற்பத்தியாளர் அமைப்பு வகுத்த உச்ச அளவு, லாங்குக்குச் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு, ஏசிபிக்கு 20,500. கார் டயரில் நாம் அடைப்பது முப்பத்துச் சொச்சம் பவுண்டு. சின்னதாக இருக்கிறதே, பலமும் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்தால் கணக்கு தலைகீழாகிவிடும். குட்டையாக இருப்பதுதான் இங்கே முரட்டுத் தோட்டா. தாத்தா காலத்துப் பழைய .32 ரிவால்வரில் இதைப் போட்டுச் சுட்டால் சிலிண்டர் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதை நேரில் பார்த்த கதை ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர், அம்பாசமுத்திரம் பக்கம் தோப்புக்காரர், ரிவால்வரையும் ஒரு மஞ்சப்பையையும் கொண்டு வந்தார். பைக்குள் தாளில் மடித்த பதினொரு தோட்டா. பெட்டி எங்கே என்றேன். "அது கிழிஞ்சு போச்சு அண்ணாச்சி, தூக்கிப் போட்டாச்சு" என்றார். ரிவால்வர் காலி என்று உறுதி செய்து ஓரமாக வைத்துவிட்டு, தோட்டாக்களைச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக நிறுத்தினேன். எட்டு ஒரே உயரம். மூன்று மட்டும் குட்டை, வகுப்பு போட்டோவில் முன்வரிசைப் பிள்ளைகள் மாதிரி. குட்டை ஒன்றை எடுத்து அடி விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். லாங்கின் விளிம்பு உடம்பை விட நன்றாகத் துருத்தி நிற்கும், நகம் தடுக்கும். ஏசிபியின் விளிம்பு துருத்தியும் துருத்தாமலும் கால் மில்லிமீட்டர்தான் வெளியே நிற்கும். அதற்கு மேலே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். பிஸ்டலின் கொக்கி பிடித்து இழுக்க அந்தப் பள்ளம். ரிவால்வரில் தோட்டா உள்ளே விழாமல் தாங்குவது அந்த விளிம்புதான், ஆக ஏசிபிக்கு அங்கே பிடிமானமும் சரியில்லை. அந்த மூன்றும் எப்படி வந்தன என்று அவருக்கும் தெரியவில்லை. ஊரில் யாரோ பிஸ்டல்காரர் எப்போதோ வந்து தங்கியிருந்தாராம்.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவு செய்வது?

மூன்று இடம். துப்பாக்கியில் வெட்டியிருக்கும் எழுத்து, தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிட்ட எழுத்து, தோட்டாவின் அடியில் பிரைமரைச் சுற்றி அடித்திருக்கும் எழுத்து. மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், அல்லது அவை ஒரே தோட்டாவின் இரண்டு பெயர்கள் என்று ஆர்மரரோ டீலரோ சொல்ல வேண்டும்.

ரிவால்வரில் பெரும்பாலும் குழலின் பக்கவாட்டில் இருக்கும். பிஸ்டலில் ஸ்லைடின் (முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி) மேல், அல்லது கூடு வெளியே தெறிக்கும் ஜன்னல் வழியாகத் தெரியும் குழல் பகுதியில். பார்ப்பதற்கு முன் துப்பாக்கி காலியா என்று கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். மேகசினைக் கழற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரில் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

தோட்டாவின் அடியில் நம் ஊர்ச் சரக்கு என்றால் கே.எஃப். என்ற எழுத்தைப் பார்க்கலாம். புனே அருகே கட்கி தோட்டா ஆலையின் குறி அது. கிர்க்கீ என்று வெள்ளைக்காரன் எழுதிய பெயரிலிருந்து வந்த கே. எழுத்து பொடியாக இருக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் லென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. நானும் பேரப்பிள்ளையின் பூதக்கண்ணாடியில்தான் பார்க்கிறேன்.

தேய்ந்துபோய்ப் படிக்க முடியவில்லை என்றால் அந்தத் துப்பாக்கியில் எதையும் போட வேண்டாம். தெரிந்த ஆர்மரரோ லைசென்ஸ் உள்ள டீலரோ சேம்பரை அளந்து சொல்லட்டும். தோட்டாவைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற சோதனை வேண்டவே வேண்டாம்.

உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் பொருந்தியது என்றுதானே அர்த்தம்?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பூட்டுக்குள் சாவி போய்விட்டால் திறந்துவிடும் என்ற நினைப்பு. போகும், ஆனால் பொருந்தாது.

ஆழாக்கு உழக்குக்குள் போகும், உழக்கு படிக்குள் போகும். கைத்துப்பாக்கித் தோட்டாவிலும் இப்படி ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் குடும்பங்கள் உண்டு. .38 ஸ்பெஷல் கூடு 29 மில்லிமீட்டர் சொச்சம். .357 மேக்னம் கூடு ஏறக்குறைய 33. பெயரில் 38, 357 என்று இருந்தாலும் இரண்டின் குண்டும் ஒரே பருமன்தான், 0.357 அங்குலம். மேக்னத்தை 1930களில் உருவாக்கியபோது கூட்டை வேண்டுமென்றே நீட்டினார்கள், பழைய .38 ஸ்பெஷல் சிலிண்டரில் அது போய் உட்காரக்கூடாது என்று. காரணம் அழுத்தம்: ஸ்பெஷலுக்கு 17,000, மேக்னத்துக்கு 35,000. ஆகவே மேக்னம் ரிவால்வரில் ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம், மறுபக்கம் நினைத்தும் பார்க்கக்கூடாது. யாராவது பழைய சிலிண்டரைக் குடைந்து நீளமாக்கியிருந்தால் அந்தப் பாதுகாப்பும் போச்சு. குடைந்த துப்பாக்கி கைக்கு வந்தால் வாங்காதீர்கள்.

.32 குடும்பமும் இப்படித்தான். பழைய .32 எஸ் அண்ட் டபிள்யூ, பிறகு லாங், பிறகு .32 ஹெச் அண்ட் ஆர் மேக்னம், கடைசியில் .327 ஃபெடரல். ஒவ்வொன்றும் முந்தையதை விட நீளம், முந்தையதை விட முரடு. சின்னது பெரியதற்குள் போகும்.

இந்த உழக்குக் கணக்கை எல்லாவற்றுக்கும் நீட்டிவிடவும் கூடாது. .22 லாங் ரைபிளும் .22 மேக்னமும் பெயரில் அண்ணன் தம்பி, ஆனால் மேக்னத்தின் கூடு உடம்பிலேயே 0.4 மில்லிமீட்டர் அதிகப் பருமன். லாங் ரைபிள் தோட்டாவை மேக்னம் சிலிண்டரில் போட்டால் தாராளமாக உள்ளே போகும், சில சமயம் வெடிக்கவும் வெடிக்கும். ஆனால் கூட்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கச் சுவர் இல்லாததால் பித்தளை உப்பிக் கிழியும், சூடான வாயு பின்பக்கம் பீறிடும். சுடுகிறவர் முகம் இருப்பது அந்தப் பக்கம்தான்.

பெட்டியில் 7.65 என்று இருக்கிறது. அது .32 தானே?

பல நேரம் ஆம், எப்போதும் இல்லை. .32 ஏசிபிக்கு ஐரோப்பாவில் 7.65 பிரௌனிங் என்று பெயர். 1899 வாக்கில் ஜான் பிரௌனிங்கின் வடிவமைப்பில் பெல்ஜியத்து எஃப்.என். ஆலை கொண்டுவந்த தோட்டா. பழைய ஐரோப்பியப் பிஸ்டல்களில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டு 7,65 என்று வெட்டியிருப்பார்கள். அதை எழுநூற்று அறுபத்தைந்து என்று ஒருவர் எனக்கு வாசித்துக் காட்டினார். பெல்ஜியத்துப் பிரௌனிங் நம் ஊருக்குப் புதிய பெயரும் இல்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது அப்படி ஒரு பிஸ்டலால்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 7.65 பாராபெல்லம் என்று இன்னொன்று உண்டு, 7.65×21, கழுத்து ஒடுங்கிய கூடு, லூகர் பிஸ்டலுக்குச் செய்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் 7.65 லாங் என்று ஒன்று, 7.65×20. மேலே சொன்ன நம் ரிவால்வர் தோட்டா 7.65×23. நாலும் 7.65, நாலும் வேறு. பெருக்கல் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் 7.65 என்று மட்டும் சொல்லித் தோட்டா கேட்பது, பேட்டையில் போய் "ரெட்டியார் வீடு எது" என்று கேட்கிற மாதிரி.

.380 என்று ஒரு பழைய போலீஸ் ரிவால்வரில் பார்த்தேன். பிஸ்டலிலும் .380 வருகிறதே?

நல்ல கண். இந்த .380 குழப்பம் .32 குழப்பத்தை விட மோசம், பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன சொத்து. போலீஸும் ராணுவமும் வைத்திருந்த வெப்லி, என்ஃபீல்டு ரிவால்வர்களின் .380 என்பது விளிம்புள்ள ரிவால்வர் தோட்டா, .38 எஸ் அண்ட் டபிள்யூ வகை. பிஸ்டலின் .380 என்பது .380 ஏசிபி; அதற்கே 9 மி.மீ. ஷார்ட், 9 மி.மீ. குர்ட்ஸ், 9×17 என்று மூன்று பட்டப்பெயர். இவை போதாதென்று கரிமருந்துக் காலத்து .380 ரிவால்வர் தோட்டாவும் தனியாக ஒன்று இருந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. .38 எஸ் அண்ட் டபிள்யூவையும் .38 ஸ்பெஷலையும் ஒன்றாக நினைக்கவும் வேண்டாம். முன்னதன் கூடு குட்டை, பருமன் அதிகம்.

நான் பட்டாலியனில் இருந்தவன். 9 எம்.எம். என்றால் ஒன்றுதானே அண்ணாச்சி?

நாம் சர்வீஸில் பார்த்தது ஒன்றுதான், அதனால் அப்படித் தோன்றுகிறது. பிஸ்டலும் ஸ்டெர்லிங் கார்பைனும் இரண்டுமே 9×19. வெளியுலகில் 9×17 உண்டு, ரஷ்யாக்காரனின் 9×18 மக்காரோவ் உண்டு. மக்காரோவின் குண்டு பெயருக்குத்தான் ஒன்பது, அளந்தால் 9.27 மில்லிமீட்டர். எப்படியானாலும் 9 எம்.எம். இங்கே தடை செய்யப்பட்ட போர். சாதாரண லைசென்ஸில் கிடையாது. சர்வீஸ் ஞாபகத்துக்கு ஒன்றிரண்டு தோட்டா வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறவர்கள் இருந்தால், அது ஞாபகப் பொருள் இல்லை, வழக்கு.

ரைபிள் கிளப்பில் சேர்ந்திருக்கிறேன். .32 மேட்ச் பிஸ்டலுக்கு டீலரிடம் இருக்கும் .32 லாங் போடலாமா?

தம்பி, பெயர் சரி, வடிவம் தப்பு. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிக்கு வரும் பார்டினி போன்ற பிஸ்டல்கள் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டாவைத்தான் தின்னும், ஆனால் வாட்கட்டர் மட்டும். வாட்கட்டர் என்றால் குண்டின் மூக்கு தட்டையாக, கூட்டின் வாயோடு சமமாக உள்ளே உட்கார்ந்திருக்கும். தாளில் விழும் ஓட்டை பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி சுத்தமாக இருக்கும் என்பதற்காக அப்படி. மேகசினை அந்த நீளத்துக்கே செய்திருக்கிறார்கள். உருண்டை மூக்குத் தோட்டா மேகசினுக்குள்ளேயே போகாது. எழுத்து ஒத்துப்போயும் குண்டின் வடிவம் ஒத்துப்போகாத இடம் இது, அதனால் துப்பாக்கியோடு வந்த கையேட்டை ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். பையன்கள் படிப்பதில்லை.

எங்களிடம் கைத்துப்பாக்கி இல்லை, பன்றி விரட்ட டபுள் பேரல்தான். அதற்கும் இந்தக் கதை உண்டா?

உண்டு, அங்கே இன்னும் கொடூரம். களக்காடு, கடையம் அடிவாரத்தில் வாழைக்கும் நெல்லுக்கும் காவல் இருக்கிறவர்கள் கவனமாகக் கேளுங்கள்.

பன்னிரண்டு போர் என்றால் குழலின் வாய்க்குச் சரியான ஈய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு என்று கணக்கு. இருபது போர் என்றால் இருபது உருண்டை, ஆகவே இருபது சின்னது. இருபது போர்த் தோட்டா பன்னிரண்டு போர்க் குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சேம்பரைத் தாண்டிச் சிக்கி நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் சேம்பர் காலியாகத் தெரியும். போட மறந்துவிட்டோம் என்று பின்னால் ஒரு பன்னிரண்டு போட்டுச் சுட்டால், முன்னால் நிற்கிற தோட்டா அடைப்பாகிக் குழல் வெடிக்கும். இடது கை இருப்பது சரியாக அந்த இடத்தில். இந்தக் காரணத்துக்காகவே இருபது போர்த் தோட்டாவின் கூட்டை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். சட்டைப் பையில் இரண்டையும் கலந்து போடாதீர்கள்.

அடுத்தது நீளம். பழைய துப்பாக்கிகளில் சேம்பர் 65 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். இப்போது கடையில் கிடைப்பது அதிகமும் 70 மி.மீ. பெட்டியில் போட்டிருக்கிற நீளம், வாய் மடிப்பு விரிந்த பிறகான நீளம். மடித்த நிலையில் 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. சேம்பருக்குள் சமர்த்தாக உட்காரும். சுடும்போது மடிப்பு விரிய இடம் இருக்காது, வாய் நெருக்கிக்கொள்ளும், அழுத்தம் ஏறும். சக்திமான் பிராண்ட் தோட்டாப் பெட்டி கையில் இருந்தால் அட்டையில் இருக்கும் நீளத்தையும் குழலின் அடியில் வெட்டியிருக்கும் நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுட்ட கூட்டில் தானே மருந்து நிரப்பித் தருகிற கை வைத்தியர்களிடம் போகவே வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் செய்வது குற்றம் என்பது ஒன்று, எவ்வளவு மருந்து போட்டார் என்று அவருக்கே தெரியாது என்பது இன்னொன்று.

பேங்க் டூட்டியில் பெல்ட்டில் இருக்கும் தோட்டா பச்சை பிடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கலாமா?

வேண்டாம். அது பித்தளையில் ஏறுகிற களிம்பு, குத்துவிளக்கில் ஏறுமே, அதேதான். தோல் பெல்ட்டின் வளையங்களில் வருஷக்கணக்காகச் செருகி வைத்தால் தோல் பதனிட்ட சாரமும் வேர்வை ஈரமும் சேர்ந்து இதைக் கிளப்பிவிடும். பெல்ட் டூட்டி நேரத்துக்கு மட்டும். மற்ற நேரம் தோட்டா அதன் பெட்டியில் இருக்கட்டும்.

எண்ணெய் ஏன் வேண்டாம் என்றால், மெல்ல ஊர்ந்து பிரைமரின் ஓரமாக உள்ளே இறங்கும். பிரைமர் நமத்துப்போனால் வேண்டிய நேரத்தில் வெடிக்காது. அதை விட மோசம், பாதி வெடிப்பது. அடுத்த கேள்வியில் சொல்கிறேன். லேசான மங்கல் என்றால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். களிம்பு பித்தளையைத் தின்று குழி விழுந்திருந்தால், கூடு பள்ளமாகியிருந்தால், குண்டு ஆடினால், அது கழிவு. ஏஜென்சியிடமோ மேனேஜரிடமோ எழுத்தில் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். மருந்துக்கு எதிரி சூடும் ஈரமும். கத்திரி வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். உலர்ந்த, நிழலான, பூட்டிய இடத்தில் நல்ல ஆலைத் தோட்டா பல பத்தாண்டு தாங்கும்.

விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை. அல்லது 'புஸ்' என்று சத்தம் வந்தது. என்ன செய்ய?

இரண்டும் வேறு.

வெடிக்கவே இல்லை என்றால் குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி அப்படியே நில்லுங்கள். குறைந்தது முப்பது விநாடி. மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்வது உண்டு. ரிவால்வர்காரர்கள் உடனே மறுபடி விசையை இழுப்பார்கள், அடுத்த அறை வருமே என்று. அந்தத் தாமதத் தோட்டா குழலுக்கு நேராக இல்லாமல் ஓரமாகத் திரும்பிய பிறகு வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முப்பது விநாடி முழுசாக எண்ணுங்கள். நம்மாட்கள் அவசரத்தில் பத்தை முப்பது என்று எண்ணிவிடுவார்கள்.

புஸ் என்ற சத்தம், உதைப்பு குறைவு, குறியில் ஓட்டை இல்லை என்றால் நிறுத்துங்கள், அன்றைக்குச் சுட்டது போதும். குண்டு பாதிக் குழலில் நிற்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் இடித்தால் குழல் உப்பும் அல்லது கிழியும். துப்பாக்கியைக் காலி செய்து, துடைக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பாருங்கள். முழுசாக வெளியே வந்தால் சரி. இடித்தால் ஆர்மரரிடம் போக வேண்டும், வீட்டில் சுத்தியல் எடுக்க வேண்டாம்.

தாத்தா டிரங்குப் பெட்டியில் பழைய தோட்டா ஒரு கைப்பிடி கிடைத்தது. என்ன ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால், அல்லது லைசென்ஸ் காலாவதியானால், ஆயுதத்தையும் தோட்டாவையும் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. துப்பாக்கியை வாரிசு தன் பெயருக்கு மாற்ற நினைத்தால் அதற்குத் தனி விண்ணப்பம். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் எல்லையா, மாநகரக் கமிஷனர் எல்லையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டதால் அந்தப் பக்கத்துக்காரர்கள் இங்கே அலைய வேண்டாம். கைப்பிடித் தோட்டாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். தாமிரபரணியில் வீசுவது, கொல்லையில் புதைப்பது, அடுப்பில் போடுவது மூன்றும் வேண்டாம். மூன்றாவதைச் செய்த ஒரு வீட்டில் சுவரில் பித்தளைத் துண்டு பதிந்திருந்ததை நானே பார்த்தேன்.

தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கியைத் திருப்பி வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒப்படைக்கும்போதே கவனிக்க வேண்டும். ரசீதில் துப்பாக்கி எண்ணோடு தோட்டாவின் எண்ணிக்கையையும் முழுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே ".32 தோட்டா – 20" என்று எழுதினால், திருப்பித் தரும்போது பக்கத்துப் பொட்டலம் கைமாறி வந்தாலும் கணக்குச் சரியாக இருக்கும். எண்ணும் இருபது, பெயரும் .32. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி ரிவால்வரோடு ஏசிபிப் பொட்டலம் வந்தது. வீட்டுக்குப் போய் லென்ஸில் பார்த்ததால் தப்பித்தார். அங்கேயே கவுண்ட்டரில் நின்று பெட்டியைத் திறந்து பாருங்கள். பின்னால் நிற்கிறவர் முனகுவார், முனகட்டும்.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தோட்டாவை டப்பாவில் வைத்துக்கொள்ளலாமா?

பெட்டிதான் அதன் ஜாதகம். முழுப் பெயர், குண்டின் எடை, லாட் எண் எல்லாம் அதில்தான் இருக்கிறது. லாட்டில் ஏதாவது கோளாறு என்றால் அந்த எண்ணை வைத்துத்தான் கேட்க முடியும். கிழிந்தால் ரப்பர் பேண்ட் போடுங்கள். இரண்டு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மேஜைக்குக் கொண்டுவாருங்கள், அதன் பெட்டியை மட்டும்.

ஊருக்குப் போகும்போது பையில் தவறி ஒரு தோட்டா இருந்துவிட்டால்?

வாகைக்குளம் ஏர்போர்ட்டில் எக்ஸ்ரேயில் அது முதலில் தெரியும். ஒரே ஒரு தோட்டா என்றாலும் விமானம் போய்விடும், நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் இருப்பீர்கள். லைசென்ஸ் இருந்தாலும் முன்கூட்டியே அறிவித்துக் கொண்டுபோக வேண்டிய முறை இருக்கிறது. கைப்பையில் அதற்கு இடமே இல்லை. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைப் பிரயாணத்துக்கு எடுக்காதீர்கள். அந்தத் தோப்புக்காரர் மஞ்சப்பையைத் தையல் பிரித்து உதறிவிட்டுத்தான் வீட்டுக்காரம்மாவிடம் காய்கறிக்குக் கொடுத்தார்.